ஜீஸ் பெண்ட் போர்வைகள்: வீட்டில் தைத்ததும் கூடத்தில் தைத்ததும்

வீட்டில் தைக்கிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே இடத்துக்கு வந்துவிடும். மிஷினை எங்கே போடுவது, துணியை எங்கே விரித்து வெட்டுவது, பாதி தைத்ததை யார் கையும் படாமல் எங்கே எடுத்துவைப்பது. தனி அறையும் பெரிய மேஜையும் இருந்தால்தான் நல்ல வேலை வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த நினைப்போடு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஜீஸ் பெண்ட் கிராமத்தைப் பார்த்தால் கணக்கு உதைக்கும். அங்கே தைத்த பெண்களுக்குத் தனி அறை இல்லை, வெட்டும் மேஜை இல்லை, கடைத் துணிகூடப் பெரும்பாலும் இல்லை. அந்த வீடுகளில் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகள் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கின்றன.

அதே ஊரிலும் அக்கம்பக்கத்திலும் இருந்த பெண்கள் 1960களின் கடைசியில் ஒரு தையல் கூடம் கட்டினார்கள். நல்ல வெளிச்சம், ஒழுங்கான துணி, கடைகளிலிருந்து ஆர்டர். பணமும் வந்தது. ஆனால் அங்கே தைத்த போர்வை வேறு மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் என்ன இருந்தது, கூடத்தில் என்ன மாறியது என்பதைப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

ஊரும் வீடும்

அலபாமா ஆறு பெரிய வளைவெடுத்துத் திரும்புகிற இடத்தில், மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலம் இது. வில்காக்ஸ் மாவட்டம். அரசுப் பதிவில் ஊரின் பெயர் பாய்கின். 1816இல் வட கரோலினாவிலிருந்து வந்த ஜோசப் ஜீ இங்கே பருத்தித் தோட்டம் போட்டார். 1845இல் தோட்டம் மார்க் பெட்வே கைக்கு மாறியது. அவர் தன்னுடைய அடிமைகளை வட கரோலினாவிலிருந்து இங்கே நடக்கவைத்தே கொண்டுவந்தார். அடிமை முறை ஒழிந்த பிறகும் அந்த மக்கள் இதே மண்ணில் வாரக் குடிகளாக உழுதார்கள். முதலாளியின் குடும்பப் பெயரும் அவர்களோடு நின்றுவிட்டது. இந்தக் கட்டுரையில் வரிசையாகப் பெட்வேக்கள் வருவார்கள்; எல்லோரும் ஒரே வீட்டுக்காரர்கள் இல்லை.

1932இல் நடந்தது ஊர் மறக்காத கொடுமை. கடன் கொடுத்துவந்த வியாபாரி இறந்துபோக, அவருடைய மனைவி கடனுக்கு ஈடாக ஆடுமாடு, ஏர், சோளம் என்று கையில் கிடைத்த எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போக வைத்தார். செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த உணவில்தான் அந்தக் குளிர்காலம் கழிந்தது. அதற்குப் பிறகு ரூஸ்வெல்ட் அரசு நிலத்தை வாங்கி, வீடுகள் கட்டிக்கொடுத்து, குறைந்த வட்டிக் கடனில் குடும்பங்களுக்கே விற்றது. தெற்கில் மற்ற இடங்களில் குடிகள் தோட்டம் தோட்டமாக இடம் மாறிக்கொண்டிருந்தபோது ஜீஸ் பெண்ட் மக்கள் ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்ததற்கு இந்தச் சொந்த நிலம் பெரிய காரணம். தையலுக்கும் இதில் பங்குண்டு. பாட்டி தைத்ததைப் பேத்தி பார்த்தாள். பேத்தி தைத்ததைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள்.

1937இல் அரசுக்காக ஆர்தர் ராத்ஸ்டைன் இங்கே எடுத்த புகைப்படங்களில் பழைய வீடுகளைப் பார்க்கலாம். மரக்கட்டைகளை அடுக்கிய சுவர். காற்று நுழையாமல் இருக்க உள்ளே முழுக்கச் செய்தித்தாளும் பத்திரிகைத் தாளும் ஒட்டியிருக்கிறார்கள். ஜோரெனா பெட்வே என்ற பெண் இரண்டு சிறுமிகளோடு உட்கார்ந்து போர்வை தைக்கும் படமும் அதில் ஒன்று. தையல் இடம் என்று நாம் கேட்டால் அவர்களுடைய பதில் அந்தப் படம்தான்: ஒரு நாற்காலி, ஒரு மடி, கூட இரண்டு சின்னப் பிள்ளைகள். மின்சாரம் இந்த ஊருக்கு வந்தது 1960களில். அதுவரை பகல் வேலை முடிந்து தைப்பவர்களுக்கு அடுப்பு வெளிச்சமும் மண்ணெண்ணெய் விளக்கும்தான்.

குளிர் என்றால் நம்மூர் மார்கழி இல்லை. அலபாமாவில் சனவரி இரவுகளில் தண்ணீர் உறையும். அடுப்பு ஒரு மூலையைத்தான் சூடாக்கும். ஒரு கட்டிலில் நாலைந்து பிள்ளைகள், அவர்கள்மேல் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல போர்வைகள். ஆகவே ஒரு வீட்டுக்கு வேண்டியிருந்தது ஒன்றிரண்டு அழகான போர்வை இல்லை. நிறையப் போர்வை, சீக்கிரமாக, காசில்லாமல்.

கையில் இருந்த துணி

துணி எங்கிருந்து வந்தது? முதலில் வயலில் போட்டுக் கிழிந்த உடுப்பு. கால்சட்டையின் முன்பக்கம் முட்டியில் தேய்ந்து போயிருக்கும், பின்பக்கம் நன்றாகவே இருக்கும். அதை வெட்டி நீளமான பட்டையாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு மாவு மூட்டை, உர மூட்டை; அச்சடித்த எழுத்து போகும்வரை வேகவைத்துத் துவைத்தால் அது அடித்துணி. உள்ளே வைக்கும் பஞ்சு, பருத்தி அரைவை ஆலையின் தரையில் கூட்டி எடுத்தது அல்லது வயலில் எடுக்காமல் விட்டது. அதைத் தரையில் பரப்பிக் குச்சியால் அடித்து அடித்து மெத்தென்று ஆக்குவார்கள். இந்தப் பஞ்சு கடையில் விற்கும் சீரான பஞ்சுத் தாள் போல இருக்காது. இடம்விட்டு இடம் போய்க் கட்டியாகும். அதனால் தையல் நெருக்கமாக ஓட வேண்டும். பஞ்சு நகராமல் பிடித்துவைப்பதுதான் அந்த ஓட்டுத்தையலின் முதல் வேலை.

லூட்டிஷா பெட்வே 1950வாக்கில் தைத்த ஒன்றைப் பாருங்கள். கால்சட்டைக் கால்களை அப்படியே நீளவாக்கில் பக்கம் பக்கமாக இணைத்திருக்கிறார். ஜீன்ஸ் துணி வெயிலிலும் துவைப்பிலும் வெளுத்து வெளிர்நீலம் ஆகியிருக்கிறது. பையைப் பிரித்தெடுத்த இடத்தில் மட்டும் பழைய கருநீலம், பையின் வடிவிலேயே. அந்தக் கருநீலத்துக்கு யாரும் சாயம் போடவில்லை. ஒருவர் எத்தனை வருடம் வெயிலில் நின்றார் என்பது பைக்கு வெளியேயும் பைக்கு அடியிலும் இருக்கிற இரண்டு நீலத்தில் தெரிகிறது.

மிசௌரி பெட்வே 1942இல் தைத்த போர்வை இன்னும் நெருக்கமானது. கணவர் நத்தானியேல் நோயில் இறந்துபோனார். அவருடைய வேலை உடுப்புகளை எடுத்து ஒரு போர்வையாகத் தைத்து, அவர் நினைவாக அதைப் போர்த்திக்கொள்ளப் போகிறேன் என்று மகள் அர்லோன்சியாவிடம் சொன்னார். மகள் பின்னாளில் இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறார். போர்வையின் அளவு சுமார் 90க்கு 69 அங்குலம். பெரிய பெரிய துண்டுகள், மங்கிய நீலமும் சாம்பலும் பழுப்பும், நடுவே கொஞ்சம் சிவப்பு. உள்ளதை உள்ளபடி இணைத்திருக்கிறார். கறையும் கிழிசலும் மறைக்கப்படவில்லை. துக்கத்தில் இருக்கிற ஒருத்தி கணவனின் சட்டையைச் சின்னச் சின்ன முக்கோணமாக நறுக்கிக்கொண்டிருக்க மாட்டாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. துண்டு பெரிதாக இருந்தால்தான் அது யாருடைய உடுப்பு என்று தெரியும்.

மடிமேல் வளரும் வடிவம்

இந்த ஊரில் அதிகம் தைத்த வடிவத்துக்கு 'வீட்டுக்கூரை' என்று பெயர். 'பட்டியில் பன்றி' என்றும் ஒரு பெயர் உண்டு. தைப்பவர்கள் இதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு சதுரத் துண்டு. அதன் ஒரு பக்கம் ஒரு பட்டை தைக்கிறீர்கள். திருப்பி அடுத்த பக்கம். மறுபடி திருப்பி அடுத்த பக்கம். சுற்றிச் சுற்றி வளர்ந்துகொண்டே போகும். அளவுகோல் வேண்டாம், அட்டை மாதிரி வேண்டாம். பட்டை நீளமாக இருந்தால் விளிம்போடு வெட்டிவிடலாம், குட்டையாக இருந்தால் இன்னொன்றை ஒட்டிக்கொள்ளலாம். எந்தச் சுற்றிலும் நிறுத்தலாம். துணி தீர்ந்தால் வேறு துணி. எல்லாமே மடிக்குள் அடங்குகிற வேலை. பிள்ளை அழுதால் சுருட்டிக் கூடையில் போட்டுவிட்டு எழுந்துகொள்ளலாம்.

இதற்குப் பெரிய மேஜை எதற்கு? மேஜையில் வெட்டி அடுக்கித் திட்டமிடும் போர்வை முதலிலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு தைப்பது அந்த முடிவை நிறைவேற்றுவது மட்டும்தான். மடிமேல் தைக்கும் போர்வையில் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். பட்டை கொஞ்சம் கோணலாக வந்தால் அடுத்த பட்டை அந்தக் கோணலை எடுத்துக்கொண்டு போகும். பார்ப்பவர்களை நிறுத்திவைக்கிற அந்த அசைவு பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகியிருக்கிறது. கத்தரிக்குப் பதில் துணியைக் கையாலேயே கிழிப்பவர்களும் உண்டு. கிழித்தால் துணி நூல் வாக்கில் நேராகப் போகும், வேகமும் அதிகம். ஆனி மே யங் புத்தக மாதிரிகள் தனக்குப் பிடிக்காது என்றும் பெரிய துண்டுகளும் நீளப் பட்டைகளும்தான் பிடிக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். இப்படி மனம்போன போக்கில் தைப்பதை ஊரில் 'என் வழி' என்பார்கள்.

துண்டுகளை இணைப்பது தனியாக, அவரவர் வீட்டில், பெரும்பாலும் அறுவடை முடிந்த குளிர்காலத்தில். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைப்பதற்குத்தான் மரச்சட்டம் வேண்டும், ஆட்களும் வேண்டும். அமெரிக்கத் தெற்கின் கிராம வீடுகளில் நான்கு கம்புகளால் ஆன சட்டத்தை உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிடுவது பரவலான வழக்கம். வேலை முடிந்ததும் கயிற்றைச் சுற்றி மேலே ஏற்றிவிட்டால் கீழே கட்டில் போட்டுக்கொள்ளலாம். சின்ன வீட்டில் பெரிய வேலை செய்ய இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. சட்டத்தைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, பக்திப் பாடல் பாடிக்கொண்டே தைப்பார்கள். பிள்ளைகள் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கும். முழங்கையை ஊன்றிக் கை எட்டும் தூரத்துக்கு வளைவு வளைவாகத் தையல் போகிற முறை தெற்கில் சாதாரணம். அந்த வளைவின் அளவு தைத்தவளின் கையளவுதான்.

ஆக, வடிவம் ஒருத்தியுடையது, கடைசித் தையல் பலருடையது. ஒருவர் போர்வையை இன்னொருவர் திருத்துவதற்கு இந்த முறையில் வாய்ப்பே இல்லை. சட்டத்துக்கு வரும்போது மேல்துணி முடிந்துவிட்டிருக்கும்.

இன்னொரு விஷயம். அந்த வீடுகளில் ஒரு முழுப் போர்வையை எட்ட நின்று பார்க்க இடம் ஏது? வசந்த காலத்தில் எல்லாப் போர்வைகளையும் வெளியே கொடியிலும் வேலியிலும் போட்டு வெயில் காட்டுவார்கள். ஊர்ப் பெண்கள் நடந்துபோய் ஒவ்வொரு வீட்டுக் கொடியையும் பார்ப்பார்கள். பார்த்ததை அப்படியே எடுத்துத் தைக்க அச்சும் இல்லை, வரைபடமும் இல்லை. நினைவில் நின்றது மட்டும் வீட்டுக்கு வரும், அங்கே வேறு துணியில் வேறொன்றாகும். ஒரே ஊர், ஒரே வடிவம், ஆனால் இரண்டு போர்வை ஒன்றுபோல இல்லாததற்கு இந்தக் கொடிதான் விளக்கம் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் ஆசையோடு தைத்தார்கள் என்று நினைத்துக்கொள்ளவும் கூடாது. லொரெட்டா பெட்வே தனக்குத் தைப்பதே பிடிக்காது என்று வெளிப்படையாகச் சொன்னவர். வயல் வேலை, பன்றிகளுக்குத் தீனி, உடல்நலமில்லாத சகோதரரைப் பார்த்துக்கொள்வது, இதற்கெல்லாம் நடுவில் குளிருக்குப் போர்வை வேண்டியிருந்தது, தைத்தார். 2015இல் மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ ஆகியோரோடு அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது பெற்றவர்களில் இவரும் ஒருவர். பிடித்தால்தான் நல்ல வேலை வரும் என்பதையும் இந்த ஊரில் சொல்ல முடியாது.

கூடம்

1960களில் இந்த மாவட்டத்தில் கறுப்பின மக்கள் வாக்காளர் பதிவுக்குப் போனதற்குக் கிடைத்த தண்டனைகள் பல. 1962இல் ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. எதிர்க்கரையில் இருந்த காம்டன் நகருக்குச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் போக வேண்டியதாயிற்று. படகு திரும்ப வந்தது 2006இல். 44 வருடம்! மார்ட்டின் லூதர் கிங் 1965இல் இந்த ஊருக்கு வந்து பேசினார். பதிவு செய்தவர்களில் பலர் குத்தகை நிலத்திலிருந்து விரட்டப்பட்டார்கள்.

1965 கடைசியில் ஃபிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் இந்தப் பக்கம் வந்தபோது ஒரு வீட்டுக் கொடியில் போர்வைகளைப் பார்த்தார். பெண்களிடமிருந்து போர்வைக்குப் பத்து டாலர் கொடுத்து வாங்கி நியூயார்க்கில் ஏலம் போட்டார். 1966 மார்ச்சில் 'ஃபிரீடம் குவில்ட்டிங் பீ' என்ற கூட்டுறவு தொடங்கியது. எஸ்டெல் விதர்ஸ்பூன் அதை நீண்ட காலம் நடத்தினார். 1969இல் சொந்த நிலத்தில் தையல் கூடம் எழுந்தது. வாக்குக்காக விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு அந்த நிலத்தில் மனை விற்றதும் இதே சங்கம்தான். இந்தப் பெண்களில் பலர் கையில் முதன்முதலாகத் தங்கள் பெயரில் கூலி வந்தது. இதை எந்தக் கலைப் பேச்சும் சிறுமைப்படுத்தக் கூடாது.

ஆனால் கூட்டுறவுக்கு ஆர்டர் கொடுத்த பெரிய கடைகளுக்கு என்ன வேண்டும்? பார்த்து ஆர்டர் கொடுத்ததும் வந்து சேர்ந்ததும் ஒன்றாக இருக்க வேண்டும். அளவு ஒன்று, நிறம் ஒன்று, தையலின் நெருக்கம் ஒன்று. ஆகவே கூடத்தில் சில வடிவங்கள் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன, துணியும் அதற்கென்று வாங்கப்பட்டது. கோணல் அங்கே குறையாகிவிட்டது. பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். எல்லாருக்கும் இது ஒத்துவரவில்லை. கூலிக்குக் கூடத்திலும் தனக்கு வீட்டிலும் என்று இரண்டு விதமாகத் தைத்தவர்கள் உண்டு.

1972இல் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்திடமிருந்து தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் வந்தது. துணி கார்டுராய்: வரிவரியாக மயிரெழும்பிய கெட்டிப் பருத்தி. பொன்மஞ்சள், அவகாடோ பச்சை, ஆரஞ்சு, செர்ரிச் சிவப்பு. கூடத்தில் ஒரே அளவு உறைகள் அடுக்கடுக்காகத் தைத்தார்கள். வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். அங்கே அதே துணி என்ன ஆனது என்பதுதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

கார்டுராய் நுணுக்க வேலைக்கு வளைந்து கொடுக்காது. சின்னத் துண்டாக வெட்டினால் ஓரம் பிரியும். நாலு தையல் சேரும் இடத்தில் ஊசி இறங்காத அளவுக்குத் தடித்துவிடும். ஆகவே துண்டுகள் பெரிதாகின, வடிவங்கள் எளிதாகின. இன்னொரு குணமும் இந்தத் துணிக்கு உண்டு. வரி ஓடும் திசையை மாற்றினால் வெளிச்சம் வேறு மாதிரி படும். ஒரே ஆரஞ்சுத் துண்டை நெட்டுவாக்கில் ஒன்றும் குறுக்குவாக்கில் ஒன்றுமாக வைத்தால் ஒன்று பளிச்சென்றும் மற்றது மங்கலாகவும் தெரியும். வீட்டில் தைத்த கார்டுராய்ப் போர்வைகளில் ஒரே நிறத்தை வைத்தே இந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கூடத்தில் அதே கைகள், அதே துணி. உறையில் வரி ஒரு திசையில்தான் ஓட வேண்டும்.

ஆனி மே யங் 1976இல் தைத்ததில் இரண்டு உலகமும் சேர்ந்திருக்கிறது. நடுவே கார்டுராய்ப் பட்டைகள் சிவப்பும் ஆரஞ்சும் பழுப்புமாக. சுற்றிலும் வெளுத்த வேலை உடுப்பின் நீலம்.

சுவரில் ஏறிய பிறகு

அந்தப் போர்வை ஒரு விறகுக் குவியல்மேல் விரித்துப் போடப்பட்டிருந்த புகைப்படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வில்லியம் ஆர்னெட் என்ற கலைப்பொருள் சேகரிப்பாளர் 1990களின் கடைசியில் ஆனி மே யங்கைத் தேடிவந்தார். அந்தக் காலத்தில் நைந்துபோன போர்வைகளைக் கொளுத்திப் புகை போட்டுக் கொசு விரட்டுவதும் ஊரில் சாதாரணம். எத்தனை போர்வை இப்படிப் போனதோ. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை மியூசியத்திலும் அதே ஆண்டு நியூயார்க்கின் விட்னி மியூசியத்திலும் கண்காட்சி நடந்தது. 2006இல் பத்துப் போர்வைகள் அமெரிக்கத் தபால்தலைகளாயின. 2007இல் பணமும் உரிமையும் சம்பந்தமாக மூன்று பெண்கள் வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு சமரசமாக முடிந்தது.

கண்காட்சியைப் பார்த்த விமர்சகர்கள் பலர் இவற்றை நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்கள். புகழ்ச்சி நியாயம், ஒப்பீடு எனக்கு உதவவில்லை. ஓவியர் கட்டம் போட்டு நிறத்தைத் தேடிப்போகிறார். இங்கே நிறம் தானாக வந்து சேர்கிறது, யாருடைய சட்டை கிழிந்தது என்பதைப் பொறுத்து. அதை எங்கே வைப்பது என்பதுதான் தைப்பவளின் சுதந்திரம். அந்தச் சுதந்திரத்தை ஆர்டர் கொடுப்பவரிடம் அவள் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அந்தப் போர்வை அவள் வீட்டுக் கட்டிலுக்கு.

நம் வீடுகளிலும் பழைய சேலைகளை அடுக்கி விளிம்பைச் சுற்றித் தைத்துப் பிள்ளைகளுக்கு விரிப்பாகப் போடுவோம். அதை யாரும் எடுத்துவைத்ததில்லை, எந்தச் சேலைக்கு அடியில் எந்தச் சேலை என்று எழுதிவைத்ததும் இல்லை. ஜீஸ் பெண்டில் தைத்தவர் பெயர், ஆண்டு, துணி யாருடையது என்பதெல்லாம் இன்று தெரிகிறதென்றால், யாரோ உட்கார்ந்து பாட்டிமாரிடம் கேட்டு எழுதினார்கள். அதற்காகவே அந்தக் கண்காட்சிப் புத்தகங்களுக்கு நான் நன்றி சொல்வேன்.

தனியறை கட்ட வசதியில்லாமல் தைக்கிறவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. இடம் மடியளவுதான் என்றால் நடுவிலிருந்து சுற்றி வளரும் வடிவத்தை எடுங்கள். துண்டுகளைச் சதுரம் சதுரமாக முன்கூட்டியே வெட்டிக் குவிக்காதீர்கள். பட்டையாகக் கிழித்து வைத்தால் எந்த நீளத்துக்கும் ஆகும். கெட்டித் துணியையும் மெல்லிய துணியையும் கலக்கும்போது கெட்டியானதைப் பெரிய துண்டாகவே விடுங்கள். பழைய உடுப்பில் பை பிரித்த இடம், மடிப்பு வெளுத்த கோடு இதையெல்லாம் வெட்டி எறிய வேண்டாம். முடிந்ததும் மொட்டைமாடிக் கொடியில் போட்டு, தெருவில் இறங்கி நின்று ஒருமுறை பாருங்கள். அப்போதுதான் அது உங்களுக்கே முழுதாகத் தெரியும்.

ஃபிரீடம் குவில்ட்டிங் பீ 2012இல் மூடப்பட்டது. 2003இல் தொடங்கிய ஜீஸ் பெண்ட் குவில்ட்டர்ஸ் கலெக்டிவ் என்ற தையல் பெண்களின் கூட்டமைப்பு இன்னொரு பக்கம் இயங்கியது. 2021 முதல் இந்த ஊரின் பெண்கள் பலர் எட்சி இணையக் கடையில் அவரவர் பெயரிலேயே விற்கிறார்கள். தைப்பது வீட்டில், வடிவம் அவரவருடையது, காசு நேராக அவரவர் கைக்கு. 1969இல் கூலி வேண்டுமென்றால் கூடம், சொந்த வடிவம் வேண்டுமென்றால் வீடு என்று இருந்தது. ஊரில் அக்டோபர் மாதத்தில் போர்வைகளை வெளியே போட்டு வெயில் காட்டுவதை இப்போது ஒரு திருவிழாவாக நடத்துகிறார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து கொடி கொடியாகப் பார்த்துவிட்டு, தைத்தவரிடமே விலை கேட்டு வாங்கிப்போகிறார்கள்.